சயாம் கடலில் ஒரு தை அமாவாசை

நம் பேரவையின் மேடையில் நின்று கடாரத்தை நான் மூன்று முறை வென்றிருக்கிறேன். முதலாம் ஆண்டில் பேச்சுப் போட்டியில், இரண்டாம் ஆண்டில் பட்டிமன்றத்தில், இறுதி ஆண்டில் கலைவிழா நாடகத்தில். 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பல்கள் வங்கக் கடலைக் கடந்து வந்த கதையை நான் சொல்லும்போது மண்டபமே அதிரும். கைதட்டல் அடங்கிய பிறகுதான் எனக்குள் ஒரு சிரிப்பு வரும். ஏனென்றால் அதுவரை நான் ஒரு தோணியில்கூட ஏறியதில்லை. நீந்தவும் தெரியாது.

சிம்பாங் அம்பாட்டை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. மலாக்கா மாநிலத்தில் அலோர் காஜாவை அடுத்த சிற்றூர் அது. பெயருக்கேற்ற நாற்சந்தி. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போவார்கள், நிற்க மாட்டார்கள். சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது செம்பனை. நாங்கள் இருந்த லயத்து வீட்டிலிருந்து கடற்கரை ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. ஆனாலும் கடல் என்பது ஆண்டுக்கு ஒரு முறை, தோட்டத்து லோரியில் ஏறித் தஞ்சோங் பிடாராவுக்குப் போய்க் கணுக்கால் நனைத்துவிட்டு, புளிச்சோறு சாப்பிட்டுத் திரும்பும் இடம், அவ்வளவுதான். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் பாட்டி கரையிலிருந்து கூச்சல் போடுவார்.

விடுதியில் நாங்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் அழைத்துக்கொள்வோம். நான் 'சிம்பாங்'. என் அறைத் தோழன் 'சித்தியவான்'; இன்று இடைநிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். பக்கத்து அறை 'பந்திங்'. கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் துறையில் வேலை. நாடக ஒத்திகையின்போது பந்திங்கின் மனத்தில் இடம் பிடித்தவர் மருத்துவ மாணவி 'குளுவாங்'. நாடகம் முடிந்தது, அவர்கள் கதை திருமணத்தில் போய் நின்றது. எங்களுக்கு அவர் என்றைக்கும் டாக்டரம்மா.

2018-ஆம் ஆண்டின் இறுதியில் பந்திங் தொலைபேசியில் அழைத்தான். பத்தாண்டுகளாக வார இறுதிகளில் பாய்மரப் படகு ஓட்டப் பழகியிருந்தான். சான்றிதழும் வாங்கிவிட்டான்.

"டேய் சிம்பாங், சீனப் பெருநாள் லீவுக்குப் புக்கெட்ல படகு வாடகைக்கு எடுக்கப் போறேன். ஒரு வாரம். நாலு பேரு. வர்றியா?"

"எனக்கு நீச்சல் தெரியாதேடா."

"கடாரத்துக்குப் போன சோழன் படையில எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமா? வா."

இருபது ஆண்டுப் பழைய கேலி என்றாலும் குத்தியது. சரி என்று சொல்லிவிட்டேன். செலவை நால்வரும் பங்கிட்டோம். என் பங்கு இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு.

எல்லாம் முடிவான பிறகுதான் பாட்டியிடம் சொன்னேன். அப்பாவைப் பெற்றவர். அப்போது அவருக்கு வயது 83. "தாய்லாந்து போறேன் பாட்டி" என்றேன். புரியவில்லை. "சயாம்" என்றேன்.

வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அங்க போனவன் எவன்டா திரும்பி வந்தான்?" என்றார்.

வாசகர்களில் தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்திற்குக் காட்டையும் மலையையும் வெட்டி இரயில் பாதை போட்டார்கள். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். அவர்களைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர்கள். அவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அவர்கள் மாண்ட கதையை ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலில் நம்மில் பலர் படித்திருக்கிறோம். நானும் படித்து, மேடையில் பேசியும் இருக்கிறேன். ஆனால் அந்தக் கதை என் வீட்டிலேயே உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்ததை 2019-ஆம் ஆண்டு சனவரி வரை நான் அறியவில்லை.

பாட்டி அன்றிரவு சொன்னார். அவருக்கு அப்போது ஏழு வயது. அண்ணனுக்குப் பதினெட்டு இருக்கும். பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் வாசித்தார். மூன்று மாத வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி, சாப்பாடும் உண்டு என்றார்கள். சாக்கை உடுத்தி, மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம் அது. லோரி வந்து நின்றபோது அண்ணன் ஒரு குலா மலாக்காக் கட்டியை இரண்டாக உடைத்து, பாதியைத் தங்கையின் கையில் வைத்து, "நாளைக்குத் தின்னு" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

"நான் திங்கல தம்பி. அண்ணன் வரட்டும்னு வெச்சிருந்தேன். எறும்பு தின்னுடுச்சு."

அண்ணன் எந்த முகாமில் இருந்தார், என்றைக்கு இறந்தார் என்று சொல்ல யாரும் திரும்பி வரவில்லை. நாள் தெரியாததால் வீட்டில் திதி கொடுத்ததே இல்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் எல்லாரும் கும்பிடும்போது பாட்டி மட்டும் ஒதுங்கியே நிற்பாராம். கும்பிட்டுவிட்டால் செத்துவிட்டதாக ஆகிவிடுமே என்று.

போக வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறார் என நினைத்தேன். இரண்டு நாள் கழித்து நாட்காட்டியைக் கொண்டுவரச் சொன்னார். நான் போகும் வாரத்தில் பிப்ரவரி 4, திங்கட்கிழமை, தை அமாவாசை. அவரே ஒரு துணியில் எள்ளும் பச்சரிசியும் முடிந்தார். அலோர் காஜா சந்தையில் வாங்கிய குலா மலாக்காக் கட்டி ஒன்றையும் உள்ளே வைத்தார்.

"சயாம் தண்ணியில விட்டுட்டு வா. எந்த ஐயரையும் கேட்டுக்கிட்டு நிக்காதே. உங்கப்பன் செய்ய வேண்டியது. அவனும் போயிட்டான். நீ செய்யி."

அண்ணனின் பெயரையும் சொன்னார். அதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள அவர் விரும்பியதால் இங்கே எழுதவில்லை.

*

பிப்ரவரி 2-ஆம் நாள் காலை, புக்கெட் தீவின் வடகிழக்குக் கரையில் படகு ஏறினோம். 36 அடி நீளம். ஒரே பாய்மரம், அதில் பெரும்பாய் ஒன்று, முன்பாய் ஒன்று. கீழே படுக்கவும் சமைக்கவும் இடம். துறையில் நின்றவற்றுள் பாதிக்கு மேல் இரட்டை உடல் கொண்ட கட்டமரான்கள். அந்தச் சொல்லே நம் கட்டுமரம்தான் என்று சித்தியவான் அங்கிருந்த பணியாளரிடம் ஆங்கிலத்தில் விளக்கினான். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, கழிவறைக் குழாயை எப்படி மூடுவது என்று சொல்லிக்கொடுத்தார்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் கரையில் வடகிழக்குக் காற்று. நிலத்தின் பக்கமிருந்து வீசுவதால் அலை எழும்பாது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. திறந்த கடலைத் தாண்டி வருவதால் அது முரட்டுக் காற்று. இதே இரண்டு காற்றுகள்தாம் நம் மலாக்காவையும் உருவாக்கின. ஒரு காற்றில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், திரும்பும் காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க ஒரு துறைமுகம் வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்பிலேயே இதைப் படித்தவன்தான் நான். ஆனால் பாயை ஏற்றி, எந்திரத்தை நிறுத்தியதும், ஒரு கணம் எல்லாம் ஓய்ந்து, படகு ஒரு பக்கம் சாய்ந்து, தானாக நகரத் தொடங்கியபோதுதான் அந்தப் பாடம் எனக்குப் புரிந்தது.

பந்திங் எல்லாவற்றுக்கும் ஆங்கிலப் பெயர் சொன்னான். சித்தியவான் விடவில்லை. படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல் என்று கடற்கரைத் தமிழ்ச் சொற்களைத் தாளில் எழுதி ஒட்டினான். மலாய்க்காரர்கள் 'கப்பால்' என்பதும் நம் கப்பலே. மாலைக்குள் டாக்டரம்மாகூட "அணியத்துல கயிறு சிக்கிடுச்சு" என்று கத்தத் தொடங்கிவிட்டார். பேரவையில் கலைச்சொல் பட்டறை நடத்தியபோது நாங்கள் இத்தனை சொற்களைக் கற்றதில்லை.

அன்றிரவு பாங்ஙா விரிகுடாவில் நங்கூரம் போட்டோம். கடலிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புக்கல் மலைகள். நம் பத்துமலையைப் பெயர்த்து நூறு துண்டாக்கித் தண்ணீரில் நிறுத்தியதுபோல் இருந்தன. சில தீவுகளின் உள்ளே 'ஹோங்' உண்டு. அந்நாட்டு மொழியில் அறை என்று பொருள். குகையின் கூரை இடிந்து விழுந்து, மலைக்கு நடுவே வானம் திறந்த குளமாக ஆன இடம். நீர்மட்டம் சரியாக இருக்கும் நேரத்தில் மட்டும் சிறு படகில் குனிந்து உள்ளே போகலாம். தாமதித்தால் வழி மூடிக்கொள்ளும் அல்லது வற்றிவிடும். அமாவாசை நெருங்கியதால் ஏற்ற வற்றம் அதிகம். சரியாகப் பதினைந்து நிமிடம் என்று பந்திங் கடிகாரத்தைக் காட்டினான். உள்ளே குரங்குகளும் கண்டல் மரங்களும் நாங்களும் மட்டும். யாரும் பேசவில்லை. பேரவைக்காரர்கள் நால்வர் பதினைந்து நிமிடம் பேசாமல் இருந்தது அதுவே முதல் முறை!

*

மறுநாள் தெற்கே பீபீ தீவுகளை நோக்கிப் போனோம். ஏறத்தாழ 25 கடல் மைல். காற்று பின்னாலிருந்து. மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல் வேகம், மிதிவண்டியின் வேகம்தான். பிற்பகலில் பந்திங் சுக்கானை என்னிடம் கொடுத்தான்.

பின்காற்றில் ஓடும்போது பெரும்பாயை ஒரு பக்கமாக முழுவதும் விரித்துவிடுவார்கள். பாயின் அடியைத் தாங்கும் நீண்ட கழி படகுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சுக்கானைத் தவறான பக்கம் திருப்பினால் காற்று பாயின் மறுபுறத்தைப் பிடித்துக்கொள்ளும். கழி ஒரே வீச்சில் படகின் குறுக்கே மறுபக்கம் பாயும். இதைப் பந்திங் எனக்கு இரண்டு முறை சொல்லியிருந்தான். நான் கேட்டுத் தலையாட்டியும் இருந்தேன்.

ஆனால் என் மனம் படகில் இல்லை. நாளை அமாவாசை. என் பையில் இருந்த துணி முடிச்சு நெஞ்சில் இருப்பதுபோல் கனத்தது. உண்மையில் ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. இது சயாம்தான், ஆனால் இது அந்த இடம் இல்லையே? மரண இரயில் பாதை இங்கிருந்து எத்தனையோ நூறு கிலோமீட்டர் வடக்கே. குவாய் ஆறு மறுபக்கத்துத் தாய்லாந்து வளைகுடாவில் அல்லவா கலக்கிறது? பாட்டியை ஏமாற்றப் போகிறேனா?

அந்த எண்ணத்தில் சுக்கான் கை நழுவியது. பாய் ஒரு முறை படபடத்தது. சித்தியவான் கையில் காப்பிக் குவளையுடன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். டாக்டரம்மா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். கழி அவன் தலைமுடியை உரசிக்கொண்டு பறந்து, மறுபக்கத்தில் இடிபோல் மோதி நின்றது. படகே நடுங்கியது. குவளை கடலில் விழுந்தது.

ஒரு சாண் கீழே இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

என்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூட முடியவில்லை. பந்திங் வந்து படகைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினான். அவன் கத்துவான் என்று காத்திருந்தேன்.

"கழிக்குக் கயிறு கட்டி வெச்சிருக்கணும். கட்டாதது என் தப்பு" என்றான். கட்டினான். பிறகு, "நீயே ஓட்டு" என்றான்.

"வேணாம்டா."

"இப்ப விட்டா இனிமே தொடவே மாட்டே. ஓட்டு."

சித்தியவான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. சிறிது நேரம் கழித்து, "அது நல்ல குவளைடா" என்றான். அப்போதுதான் நான் அழுதேன். அழுதுகொண்டே துணி முடிச்சைப் பற்றிச் சொன்னேன். இருபதாண்டு நட்பில் அவர்களிடம் நான் சொல்லாமல் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

அவன் வரலாற்று ஆசிரியர் அல்லவா? கடல் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எனக்குப் பதில் சொன்னான். பாதையின் தென்பகுதி குவாய் நொய் ஆற்றை ஒட்டிப் போகிறது. அந்தத் தண்ணீர் தாய்லாந்து வளைகுடாவுக்குப் போகிறது, நீ சொல்வது சரி. ஆனால் மூன்று பகோடாக் கணவாயைத் தாண்டிவிட்டால் பர்மா. அந்தப் பக்கத்து ஆறுகள் எல்லாம் மவ்லமியைனை ஒட்டி அந்தமான் கடலில் சேர்கின்றன. நாம் மிதந்துகொண்டிருப்பது அதே கடலின் தென்பகுதி. தாத்தா எந்தப் பக்கத்தில் இருந்தார் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. பாட்டிக்கு அது போதும்" என்றார் டாக்டரம்மா.

*

பீபீ டான் தீவு நடுவில் ஒடுங்கியது. இரு பக்கமும் விரிகுடா, இடையில் தாழ்வான மணல் திட்டு, அதன்மேல் ஊர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இரண்டு பக்கமிருந்தும் அந்தத் திட்டின்மேல் ஏறியது. அதே நாளில் அதே பேரலை நாகப்பட்டினத்தையும் நம் கோலா மூடாவையும் பினாங்கையும் தாக்கியது. நம் நாட்டில் 68 பேர் மாண்டனர். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேல். பாட்டியின் அப்பா கப்பல் ஏறிய ஊர் நாகப்பட்டினம். வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். நாகை, பீபீ, கோலா மூடா. நாடு மூன்று என்றாலும் கடல் ஒன்றுதான்.

திங்கட்கிழமை விடியுமுன்பே நங்கூரத்தை எடுத்து, சிறிய தீவுக்குத் தெற்கே திறந்த கடலுக்குப் போனோம். பந்திங் எந்திரத்தை நிறுத்தினான். கிழக்கு வெளுத்தது. மிதவைச் சட்டையைக் கழற்றாமலே அமரத்தின் படியில் இறங்கி உட்கார்ந்தேன். கால்கள் தண்ணீரில். அடியில் ஆழம் 30 மீட்டர் என்று கருவி காட்டியது. முந்தைய நாள் வரை அந்த எண்ணைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும்.

மந்திரம் எதுவும் எனக்குத் தெரியாது. எள்ளையும் அரிசியையும் கையில் எடுத்து, தண்ணீரோடு சேர்த்து விட்டேன். பாட்டியின் அண்ணன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். "உங்க தங்கச்சி கொடுத்து விட்டாங்க தாத்தா" என்றேன். குலா மலாக்காவை என்ன செய்வதென்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு இரண்டாக உடைத்தேன். பாதியைக் கடலில் போட்டேன். மறு பாதியைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தபோது மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று முழுவதும் கிராபி நோக்கி எதிர்க்காற்றில் போனோம். பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. ஏறக்குறைய 45 பாகை இடப்பக்கம் கொஞ்ச தூரம், பிறகு திருப்பி வலப்பக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். 18 கடல் மைலுக்கு ஒரு பகல் முழுவதும் பிடித்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நான்தான் சுக்கானைப் பிடித்தேன்.

*

மறுநாள் ரைலேயில் படகை விட்டுவிட்டு, கிராபியிலிருந்து வேன் பிடித்து க்லோங் தோம் போனோம். சித்தியவான் இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான். கிராபிக்குத் தெற்கே 40 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு சிறு பட்டணம். பழைய மணிகள் ஏராளமாகக் கிடைத்ததால் அங்குள்ள மேட்டுக்கு 'மணிமேடு' என்று பொருள்படும் பெயரே உண்டு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, கடல் சுற்றிப் போக விரும்பாத வணிகர்கள் இந்தக் கரையில் இறங்கி, நிலத்தைக் குறுக்கே கடந்து மறு கரைக்குப் போனார்கள். அங்குள்ள புத்தர் கோயிலின் அருங்காட்சியகத்தில் நாங்கள் தேடி வந்தது இருந்தது.

விரலளவு கல். தட்டார் பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல். அதில் தமிழ்ப் பிராமி எழுத்து. 'பெரும்பதன் கல்' என்று அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். பெரும்பத்தன், அதாவது பெரிய தட்டான் ஒருவருடைய கல். காலம் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. சித்தியவான் கொண்டுவந்த நகலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினான். அந்தக் காலத்துக் 'க' கூட்டல் குறி போல இருந்தது. எங்கள் ஊர் நாற்சந்தியைப் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இதே கரையில் இன்னும் வடக்கே தகுவா பாவில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தையும், அதைக் காத்த மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவையும் அது பேசுகிறது. சோழன் மெய்க்கீர்த்தி சொல்லும் தலைத்தக்கோலம் இந்தத் தகுவா பாப் பகுதியே என்பது வரலாற்று அறிஞர் பலரின் கருத்து. மேடையில் நான் போர்க்கப்பல்களைத்தான் ஓட்டினேன். அந்தக் கப்பல்களுக்கு எழுநூறு ஆண்டுகள் முன்பே, படை இல்லாமல், ஓர் உரைகல்லோடு ஒரு தட்டார் வந்து இறங்கியிருக்கிறார். மலாக்காவில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இருக்கும் சாலைக்கும் பொற்கொல்லர் சாலை என்றுதான் பெயர். சிறு வயதிலிருந்து அந்தச் சாலையில் நடந்திருக்கிறேன். பெயரை எண்ணிப் பார்த்ததில்லை.

அந்தக் கண்ணாடியின் முன் நின்றபோது பெருமையோடு இன்னொன்றும் வந்தது. ஒரு தட்டாரின் கல்லை 1,600 ஆண்டுகளுக்கு மேல் மண் காப்பாற்றி வைத்திருக்கிறது. காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகள் துயில்கிறார்கள். கல் கல்லாகப் பெயர் பொறித்திருக்கிறார்கள். அது நியாயமானதுதான். ஆனால் பெரட்டுக் களத்தில் வாசிக்கப்பட்ட பாட்டியின் அண்ணன் பெயர், கிராணியின் புத்தகத்தோடு போய்விட்டது.

*

ஊர் திரும்பியதும் பாட்டியின் கையில் பாதிக் கட்டியை வைத்தேன். நான் ஒன்றும் விளக்கவில்லை. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஓரத்தைக் கடித்து வாயில் போட்டுக்கொண்டார். 76 ஆண்டுகள் கழித்து.

"தண்ணி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"அமைதியா இருந்துச்சு பாட்டி."

அது உண்மை. கழி பறந்த கதையை நான் சொல்லவில்லை. அந்தக் கடல் எந்த ஆற்றின் கடல் என்ற கணக்கைச் சொன்னேன். பாதிக்குப் பாதி என்றதும் தலையாட்டினார். பிறகு உரைகல்லின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன்.

"இது நம்ம எழுத்தா?"

"ஆமா பாட்டி. நம்ம எழுத்துதான். ரொம்பப் பழசு."

"அப்படின்னா அவங்க ஊருக்குத் திரும்பிப் போனாங்களா?"

பட்டிமன்றத்தில் எதிரணியின் எந்தக் கேள்விக்கும் நான் தடுமாறியதில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை. "காத்து மாறினதும் கொஞ்சப் பேரு போயிருப்பாங்க பாட்டி" என்றேன். அவர் படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஆண்டு ஆடி அமாவாசைக்குப் பாட்டியை மலாக்காக் கடற்கரைக்கு அழைத்துப் போனோம். முதல் முறையாக அவர் எல்லாரோடும் சேர்ந்து நின்று கும்பிட்டார். 2021-இல், பெருந்தொற்றுக் காலத்தில், உறக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். சிலர் மட்டுமே கூட அனுமதி இருந்த நாட்கள். பந்திங்கும் சித்தியவானும் டாக்டரம்மாவும் வர முடியவில்லை. அவரவர் வீட்டு வாசலில் விளக்கேற்றிப் படம் அனுப்பினார்கள்.

அதற்கடுத்த ஆண்டு நான் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். என்னோடு கற்றவர்கள் எல்லாரும் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள். இப்போது 50 மீட்டர் நீந்துகிறேன், மூச்சு வாங்குகிறது.

தம்பி தங்கைகளே, இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் உங்களுள் பலர் தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள். மேடையில் கடாரத்தை வெல்லுங்கள், தடையில்லை. ஆனால் அடுத்த விடுமுறைக்கு வீடு போகும்போது, பாட்டி தாத்தா இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் யாராவது சயாமுக்குப் போனார்களா என்று கேளுங்கள். பெயரையும் தோட்டத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பந்திங் அடுத்த பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான். இம்முறை லங்காவியிலிருந்து புறப்பட்டுக் கரையோரமாகவே வடக்கே போவதாகப் பேச்சு. பழைய மாணவர்களுள் காப்பிக் குவளையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் தொடர்பு கொள்ளலாம்.